புதுச்சேரியின் அன்றாட இன்பங்கள்

பிரெஞ்சு நகரமொன்றைக் காண விழையும் தமிழர் அதற்காகக் கடல் கடக்க வேண்டியதில்லை. மாதேசுவரன் மலைக்குச் செல்லும் பாதையிலுள்ள கௌதள்ளியில் பேருந்து ஏறி, மலையைத் தாண்டி, பாலாறு, மேட்டூர், சேலம், உளுந்தூர்ப்பேட்டை, விழுப்புரம் என்று கிழக்கு நோக்கிச் சென்றால் புதுச்சேரியை அடையலாம். மைசூர்ச் சீமைக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் தொடர்பே இல்லை என்று எண்ணிவிடுதல் கூடாது. ஹைதர் அலிக்கும் திப்பு சுல்தானுக்கும் துணைநின்ற பிரெஞ்சுப் படையினர் தங்கியிருந்த காரணத்தால், சீரங்கப்பட்டணத்திற்கு வடக்கேயுள்ள பாண்டவபுரம் நெடுங்காலம் ‘பிரெஞ்சு ராக்ஸ்’ என்றே வழங்கிற்று. ஆயினும் அங்கே எஞ்சியது பெயர் மட்டுமே, அதுவும் மாறிவிட்டது. புதுச்சேரியிலோ ஒரு வாழ்க்கை முறையே எஞ்சியுள்ளது.

அது எவ்வாறு என்பது கௌதள்ளி வட்டாரத்து நேயர்களுக்கு எளிதில் விளங்கும். கொள்ளேகாலம் வட்டம் 1956 நவம்பர் 1 வரை கோயமுத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. எல்லைக்கோடு இடம் மாறியதே தவிர, வீட்டுப் பேச்சும் குலதெய்வமும் மாறவில்லை. புதுச்சேரியில் ஆட்சி கைமாறியதும் அதே நவம்பர் 1ஆம் நாளில்தான். ஆனால் இரண்டாண்டு முன்னதாக, 1954இல். சட்டப்படியான ஒப்படைப்பு 1962 ஆகஸ்டு 16இல் நிறைவேறிற்று. கொடி இறங்கிய பின்னும் மக்களின் பழக்கங்கள் பல இறங்காமல் நின்றுவிட்டன. அவற்றையே இன்று நாம் இந்நகரின் இன்பங்களாகக் காண்கிறோம்.

முதலாவது இன்பம் நடப்பது. இந்நகரை 1693 முதல் 1699 வரை கைக்கொண்டிருந்த டச்சுக்காரர் வீதிகளை நேர்கோடுகளாக வகுத்தனர். 1761இல் ஆங்கிலேயர் ஊரையே இடித்துத் தரைமட்டமாக்கினர்; பின்னர் பிரெஞ்சுக்காரர் மீண்டும் கட்டியபோதும் அந்த அமைப்பையே தழுவிக் கட்டினர். கிழக்கு மேற்காக ஓடும் வீதிகளில் எங்கு நின்று நோக்கினும் முனையில் கடல் தெரிகிறது. நண்பகலுக்குப் பின் எழும் கடற்காற்றும் அவ்வீதிகளின் வழியே தடையின்றி ஊருக்குள் புகுகிறது. இதற்குக் கட்டணம் ஏதும் இல்லை.

பெரிய வாய்க்கால் ஊரை இரண்டாகப் பிரிக்கிறது. கிழக்கே வெள்ளையர் வாழ்ந்த பகுதி: உயர்ந்த மதில், பெரிய வாயிற்கதவு, உள்ளே தோட்டம். மேற்கே தமிழர் பகுதி: தெருவை நோக்கிய திண்ணை, அதன்முன் மரத்தூண்கள் தாங்கும் தாழ்வாரம். முன்னது வழிப்போக்கனை வெளியே நிறுத்துகிறது. பின்னது அவனை உட்காரச் சொல்கிறது. கீழ்த்தளம் திண்ணையும் தாழ்வாரமுமாகத் தமிழ் முறையிலும், மேல்தளம் வளைவுச் சாளரங்களோடு பிரெஞ்சு முறையிலும் அமைந்த வீடுகளும் உண்டு. பழைமை மாறாமல் செப்பனிடப்பட்ட வைசியாள் வீதி 2008இல் யுனெஸ்கோவின் பாராட்டைப் பெற்றது. வருவோரிற் பெரும்பாலோர் வாய்க்காலின் கிழக்கே மஞ்சள் மதில்களின்முன் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகின்றனர். மேற்கே செல்லாதவர் புதுச்சேரியைப் பாதிதான் கண்டவர் என்பது நம் கருத்து.

வீதிப் பெயர்ப் பலகைகள் நீல நிறத்தில் பிரெஞ்சிலும் தமிழிலும் எழுதப்பெற்றவை. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு அவற்றைப் படித்துக்கொண்டு செல்வதே நல்ல பொழுதுபோக்கு. துய்ப்ளே வீதி என்றிருந்த கடைத்தெரு இன்று நேரு வீதியாயிற்று. பிரெஞ்சுப் படையில் பணிபுரிந்து ஓய்வூதியம் பெறுவோரை ஊரார் ‘சொல்தா’ என்பர். படைவீரரைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் தமிழ் நாவில் பெற்ற உருவம் அது. 1962இல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட தமிழ்க் குடும்பங்களின் வழியினர் இன்றும் இங்கிருந்தே பிரான்சின் குடியரசுத் தலைவர் தேர்தலில் வாக்களிக்கின்றனர். ஜூலை 14ஆம் நாள் முதியவர்கள் பதக்கங்களை அணிந்து, முதல் உலகப் போரில் மாண்டோரின் நினைவுச் சின்னத்தின்முன் கூடுவர்.

காவலரின் சிவப்புத் தொப்பி, மாலையில் மண்தரையில் இரும்புக் குண்டுகளை எறிந்து ஆடும் ‘பெத்தாங்கு’ ஆட்டம், காலையில் சூடாகக் கிடைக்கும் நீண்ட ரொட்டி, ஞாயிறுதோறும் காந்தி வீதியின் இருமருங்கும் விரியும் நடைபாதைச் சந்தை ஆகியவற்றையும் குறிப்பிடலாம். மணக்குள விநாயகர் கோயில் வெள்ளையர் பகுதியிலேயே உள்ளது. அக்கோயில் யானை இலட்சுமி தெருவில் நடந்து வருவதைக் காண்பது ஊராரின் அன்றாட மகிழ்ச்சியாக இருந்தது. 2022 நவம்பர் 30 காலை நடைப்பயிற்சியின்போது அது வீழ்ந்து இறந்தது; அன்று ஊரே திரண்டு வந்து அழுதது. வில்லியனூர்த் திருக்காமீசுவரர் தேரோட்டத்தில் பிரெஞ்சு ஆளுநர் வடம்பிடித்த வழக்கத்தை இன்று துணைநிலை ஆளுநர் தொடர்வதும் காணத் தக்கது.

மாலையில் ஊர் முழுவதும் கடற்கரைச் சாலைக்கு வந்துவிடுகிறது. மாலை 6 மணி முதல் மறுநாட் காலை வரை அங்கே வண்டிகளுக்கு இடமில்லை. காந்தியடிகள் சிலையைச் சூழ்ந்த கருங்கல் தூண்கள் செஞ்சியிலிருந்து கொணர்ந்தவை என்பர். அருகில் 1836இல் ஒளியேற்றப்பெற்ற பழைய கலங்கரை விளக்கம் உள்ளது. குழந்தைகள் ஓடுகின்றனர், முதியோர் சுவர்மேல் அமர்கின்றனர், கடலை வறுபடுகிறது.

ஆனால் அந்தச் சுவருக்கு அப்பால் பல்லாண்டுகள் மணல் இருக்கவில்லை, பாறைகளே இருந்தன. இதன் காரணத்தை அறிந்துகொள்வது நலம். சோழமண்டலக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் தென்திசையிலிருந்து சாய்வாக வந்து மோதி, மணலை வடக்கே தள்ளுகின்றன. வடகிழக்குப் பருவகாலத்தில் மட்டும் அது ஓரளவு திரும்பும். எனவே கரை என்பது நிற்கும் பொருளன்று. வடக்கே நகர்ந்துகொண்டிருக்கும் மணலாறு எனலாம். 1980களின் இறுதியில் நகருக்குத் தெற்கே துறைமுகத்திற்காகக் கடலினுள் கல்தடுப்புகள் எழுந்தன. மணல் அவற்றின் தென்புறத்தில் தேங்கிற்று. வடபுறம் பட்டினி கிடந்தது. நகரைக் காக்கப் பாறைகளைக் கொட்டினர். அரிப்போ அங்கிருந்து வடக்கே நகர்ந்து, மீனவர் குப்பங்களைத் தாக்கியது. மாசிமகத்தன்று பல ஊர்த் தெய்வங்கள் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும் வைத்திக்குப்பமும் அவ்வடகரையில்தான் உள்ளது. படகை இழுத்து நிறுத்தவும் வலையை உலர்த்தவும் இடம் வேண்டுபவனுக்கு மணல் என்பது காட்சியன்று, தொழிற்களம்.

2018இல் நகரின் முன்னே நீரடியில் செயற்கைத் தடுப்பு ஒன்றை அமைத்தனர். அது அலைகளின் வேகத்தைத் தணித்தமையால் தலைமைச் செயலகத்தின் எதிரே மணல் மீண்டும் படிந்தது. மாலையில் சிறுவர்கள் இப்பொழுது அங்கே இறங்கி விளையாடுகின்றனர். வடக்கேயுள்ள குப்பங்களிலோ படகுகள் இன்னும் பாறைகளை ஒட்டியே நிற்கின்றன.