உதிரும் கூந்தலும் மூன்று மாதக் கணக்கும்

சென்ற ஐப்பசியில் சாலவாக்கத்திலுள்ள என் தமக்கை வீட்டுக்குச் சென்றிருந்தேன். பத்தாம் வகுப்பில் படிக்கும் தமக்கை மகள் ஒரு காகிதப் பொட்டலத்தைக் கொணர்ந்து என் முன் பிரித்தாள். உள்ளே சுருள் சுருளாகத் தலைமயிர்! "ஒரே வாரத்தில் உதிர்ந்தது, மாமா. எனக்கு வழுக்கை விழுந்துவிடுமா?" என்றாள். கண்களில் நீர் தளும்பிற்று. விலையுயர்ந்த தைலப் புட்டி ஒன்றும் அதற்குள் வீட்டுக்கு வந்திருந்தது.

"ஆடி மாதத்தில் உனக்குக் காய்ச்சல் வந்ததா?" என்று கேட்டேன். அவள் வியப்புற்றாள். டெங்குக் காய்ச்சலில் பத்து நாள் படுத்திருந்தாளாம்.

நான் சோதிடம் பார்க்கவில்லை, மாணவ நண்பர்களே. நம் தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் மயிர்க்கால்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் மயிர் இரண்டு முதல் ஆறு ஆண்டுகள் வரை, மாதத்திற்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வீதம் வளர்கிறது. பின்னர் மூன்று மாதம் ஓய்வு, அதன்பின் உதிர்வு. வெவ்வேறு நாளில் நட்ட வயல்கள் வெவ்வேறு நாளில் அறுவடையாவதுபோல், நாளொன்றுக்கு 50 முதல் 100 வரை உதிர்வது இயற்கையே. கடுங்காய்ச்சலோ, மகப்பேறோ, பட்டினியோ உடலைத் தாக்கும்போது ஏராளமான மயிர்க்கால்கள் ஒருசேர ஓய்வுக்குச் சென்றுவிடுகின்றன. மூன்று மாதம் கழித்து எல்லா வயல்களுக்கும் ஒரே நாளில் அறுவடை! ஆயினும் வேர் அழிவதில்லை. கரும்பின் மறுதாம்புபோல் மீண்டும் துளிர்க்கும்.

இவ்வுதிர்வு பெரும்பாலும் ஆறு மாதத்திற்குள் தானே அடங்கிவிடும். மிகுதியாக உதிரும் வாரத்தில்தான் மக்கள் தைலம் தேடுகிறார்கள். ஆதலால் புகழ் தைலத்தைச் சேருகிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. புழுவெட்டிலும் இதே மயக்கம் உண்டு. அங்கே புழு ஏதுமில்லை. உடலின் காவற்படையே மயிர்க்காலைப் பகையென்று தாக்குகிறது. சிறு வட்டங்கள் பல ஓராண்டிற்குள் தாமே நிரம்பிவிடும். தேய்த்த சின்ன வெங்காயம் பேர் வாங்கிக்கொள்ளும்!

ஆடவர் வழுக்கை வேறு வகை. ஆண்மைச் சுரப்பியைப் பருவமெய்துமுன் இழந்தவர்களுக்கு வழுக்கை விழுவதில்லை. அச்சுரப்புநீரைச் செலுத்தினால், குலவழியில் வழுக்கையுள்ளவர்களுக்கு விழத் தொடங்குகிறது. இதை 1942-இல் ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற அமெரிக்க உடற்கூற்றறிஞர் வெளியிட்டார். ஆழ்குழாய்க் கிணற்று நீரைப் பழிப்பது வீண். இங்கே மயிர்க்கால்கள் படிப்படியாகச் சுருங்குவதால், பொறுத்திருந்து பயனில்லை. இரத்த அழுத்த மருந்தாகத் தோன்றிய மினாக்சிடில் 1988-இலும், ஃபினாஸ்டரைடு மாத்திரை 1997-இலும் வழுக்கைக்கென அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. இவை சுருக்கத்தைத் தடுக்கின்றன, ஓரளவு மீட்பதுமுண்டு. நிறுத்தினால் பலனும் நின்றுவிடும். பக்கவிளைவுகளும் இருப்பதால் மருத்துவரைக் கேளாமல் தொடலாகாது. முற்றிலும் பளபளத்துவிட்ட தலைக்குப் பின்புற மயிரை எடுத்து நடுவதே எஞ்சிய வழி.

என் மருமகளைத் தைலத்தை விடச் செய்து, அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் சென்றேன். சோதித்ததில் இரத்தத்தில் இரும்புச் சத்தும் குறைந்திருந்தது; அதுவும் கூந்தலை உதிர்க்கும். மாத்திரை கொடுத்தார்கள். முருங்கைக்கீரை சமைக்கத் தமக்கைக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

பொங்கலன்று மீண்டும் சென்றேன். நெற்றியோரத்தில் அரை விரல் நீளத்திற்குப் புதுமயிர் குத்திட்டு நின்றது. பின்னலில் அடங்க மறுக்கிறதென்று இப்போது அதைப்பற்றி முறையிடுகிறாள்.