இளநாய்க்கு அமைதி பழக்குதல்

அந்தி வேளையில் ஒருவர் தம் இளநாயை வாரில் பிணைத்துப் பூங்காவிற்கு அழைத்துச் செல்கிறார். எதிரே பள்ளிச் சிறுவர்கள் வருகின்றனர். அவர்களைக் கண்டதும் நாய் வாலைக் குழைத்து, வாரை இழுத்துக்கொண்டு தாவுகிறது. அதனிடம் பகைமை சிறிதுமில்லை. விளையாடும் ஆவலே மிகுந்துள்ளது. ஆயினும் சிறுவன் ஒருவன் அஞ்சி அலறுகிறான். உடையவர் நாணமுற்று நாயை அடிக்கிறார். இதனால் அச்சமடைவது சிறுவன் மட்டுமன்று, நாயுந்தான்.

இவ்வடி பயனற்றது மட்டுமன்று, தீங்கும் விளைக்கக்கூடியது. உருசிய உடலியல் அறிஞர் இவான் பாவ்லாவ், செரிமானம் பற்றிய ஆராய்ச்சிக்காக 1904-ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றவர். உணவுக்கு முன்னர் ஓர் ஒலியைத் திரும்பத் திரும்பக் கேட்ட நாய்க்கு, பின்னர் அவ்வொலி ஒன்றினாலேயே உமிழ்நீர் சுரந்ததை அவர் கண்டார். ஒலியின் இடத்தில் சிறுவனையும், உணவின் இடத்தில் அடியையும் வைத்து எண்ணிப் பார்க்கலாம். சிறுவரைக் கண்டால் வலி வருமென நாய் கற்றுக்கொள்ளும். நட்புடன் தாவிய நாய் நாளடைவில் உறுமும் நாயாக மாறக்கூடும்.

அவ்வாறாயின் தாவும் பழக்கம் எங்ஙனம் வேரூன்றுகிறது? நற்பயன் தரும் செயல் நிலைபெறும் என்பதை அமெரிக்க உளவியலார் எட்வர்டு தார்ண்டைக், பூனைகளைக் கொண்டு நடத்திய சோதனைகளால் 1898-இல் விளக்கினார். தாவிய நாயை ஒருவர் தடவிக் கொடுத்தால், தாவுதலே பரிசு பெறுகிறது. இழுத்த திசையில் உடையவரும் உடன் சென்றால், இழுத்தலும் பரிசு பெறுகிறது.

ஆகவே பரிசு அமைதிக்கே உரியதாதல் வேண்டும். முதற்கண் வீட்டினுள், பெயர் சொல்லி அழைத்ததும் நாய் திரும்பிப் பார்க்குமாறு பழக்குக. பார்த்த கணமே வேகவைத்த கோழியிறைச்சியில் ஒரு சிறு துணுக்கை அளிக்கலாம். வெங்காயம், உலர்திராட்சை, சாக்கலேட் ஆகியன நாய்க்கு நஞ்சாகும், அவற்றைத் தரலாகாது.

அடுத்து வெளியிடம். இங்கே தூரமே முதன்மையானது. ஐம்பது அடித் தொலைவில் வரும் மனிதரைக் கண்டும் நாய் அமைதியாக இருக்குமாயின், பயிற்சியை அங்கேயே தொடங்குக. மனிதரை நாய் கண்டபின் துணுக்கை அளிக்க வேண்டும், காணுமுன் அன்று. உடல் விறைத்து, உணவையும் மறுக்குமாயின், மிக நெருங்கிவிட்டோம் என்பது பொருள். உடனே சற்று விலகுக. சில நாட்கள் தவறாது வெற்றி கண்ட பின்னரே தொலைவைச் சிறிது குறைக்கலாம். ஒரு வேளைக்கு ஐந்து நிமிடப் பயிற்சியே போதுமானது. வார் தளர்ந்திருத்தல் நலம். நாய் இழுக்கும்போது நின்றுவிடுக, தளர்ந்ததும் நடக்கலாம்.

பிறர் நாயைத் தடவ விரும்பினால், அதன் நான்கு கால்களும் தரையில் ஊன்றியிருக்கும்போது மட்டும் இசைவு தருக. எதிர்ப்படும் ஒவ்வொருவரிடமும் நாயை அழைத்துச் செல்லுதல் கூடாது. பிறரைக் கண்டும் பேசாமல் கடந்து செல்வதும் அது கற்கவேண்டிய பாடமே.

நம் நாட்டுத் தெருக்களில் கட்டப்படாத நாய்கள் பல திரிகின்றன. அவற்றைத் தொலைவிலேயே கண்டு, ஓடாமல் வேறு வழியில் திரும்புதல் நன்று. வெறிநோய்த் தடுப்பூசியை உரிய காலத்தில் நாய்க்குப் போடுதல் இன்றியமையாதது. விளையாட்டாகத் தாவியதால் நகமோ பல்லோ தோலைக் கீறினும் அதனை அற்பமாக எண்ணலாகாது. காயத்தை ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, தாமதமின்றி மருத்துவரை அணுகுதல் வேண்டும்.

ஆசிரியர்கள் இதன் மறுபாதியை மாணவர்க்குக் கற்பிக்கலாம். அறிமுகமற்ற நாய் நெருங்கினால் ஓடாமலும் கூச்சலிடாமலும் கைகளை உடலோடு சேர்த்து அசையாது நிற்க வேண்டும். உடையவரின் இசைவின்றி எந்நாயையும் தொடலாகாது. நாய் அமைதியையும் சிறுவன் நிதானத்தையும் கற்றுக்கொண்டால், அதே பாதையில் இருவரும் அச்சமின்றிக் கடந்து செல்வர்.