கூட்டம் கலைந்தபின் தீவுக்கு

கோடை விடுமுறை முடிந்து பள்ளிகள் திறந்து, ஆரணித் தெருக்களில் தறிச் சத்தம் மீண்டும் ஒழுங்குக்கு வந்திருக்கும் இந்நாளில், நாம் ஒரு சுற்றுலாவைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஊர் சுற்றுவதெல்லாம் சித்திரை வைகாசியோடு முடிந்த கதையல்லவா என்று கேட்பார்கள். போனவர்களுக்கு அது முடிந்தது. நம் பங்கில் பாதிப் பேருக்கு அது தொடங்கவேயில்லை. அதனால்தான் இப்பொருளை இவ்விதழில் எடுத்துக்கொண்டோம்.

சென்ற ஆண்டு மே மாதத்தில் நம் பங்கிலிருந்து ஒரு பேருந்து இராமேசுவரத்திற்குச் சென்றது. நாமும் உடன் சென்றோம். பேருந்தில் இருந்தவர்கள் ஆசிரியர் குடும்பங்கள், அரிசி ஆலையில் கணக்கு எழுதுவோர், அரசு அலுவலர் இருவர், கடை வைத்திருப்போர். தறியில் உட்காரும் குடும்பம் ஒன்றே ஒன்று. போன இடத்திலோ, நிற்க நிழலில்லை, தங்க அறையில்லை. ஒரு விடுதியில் முன்பதிவு செய்திருந்தும், பத்துப் பேர் படுக்கவேண்டிய கூடத்தில் இருபத்துநான்கு பேர் படுத்தோம். தீவுக்கு வந்தும் நல்ல மீன் கிடைக்கவில்லையே என்று குறைப்பட்டார் கணக்கர் ஒருவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகத் தடையுண்டு. மீன்கள் முட்டையிடும் காலம் அது. தடைக்காலத்தில் மீனூருக்குப் போய் மீன் தேடினால் எப்படி அகப்படும்? குற்றம் கடலுடையதன்று, நாள் குறித்த நம்முடையது.

திரும்பி வந்த மறு ஞாயிறு, திருப்பலி முடிந்து ஓர் அம்மையார் நம்மிடம் வந்தார். அறுபதைத் தாண்டியவர். கணவர் தறியில்; இவர் நாற்பது ஆண்டுகளாக இராட்டையில் தார் சுற்றுகிறவர். "சாமி, நான் வேளாங்கண்ணிக்கு ஏழெட்டுத் தடவை போயிருக்கேன். ஒவ்வொரு தடவையும் பிள்ளைங்க கையை விட்டுடக் கூடாதேன்னு அவங்களையேதான் பார்த்துக்கிட்டிருந்தேன். கூட்டமில்லாத கடலை ஒரு தடவை உட்கார்ந்து பார்க்கணும்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. ஓராண்டாக அந்தச் சொல் நம்மை விடவில்லை.

இதற்கிடையில் நம் பங்குப் பெண் ஒருவர், மால்டாத் தீவில் செவிலியராகப் பணிபுரிபவர், விடுமுறையில் வந்திருந்தார். ஐரோப்பியர்கள் ஜூலை, ஆகஸ்டில் தெற்கத்தித் தீவுகளுக்குப் படையெடுத்துச் செல்வார்களாம். செப்டம்பரில் பள்ளிகள் திறந்ததும் கூட்டம் வடிந்துவிடும். விடுதிக் கட்டணமும் இறங்கும். கடல் நீரோ, கோடை முழுதும் வாங்கிவைத்த வெப்பத்தை மெல்லத்தான் விடும் என்பதால், அக்டோபரிலும் குளிக்க இதமாக இருக்குமாம். விவரமறிந்தவர்கள் இலையுதிர் காலத்தில்தான் தீவுக்குப் போவார்கள் என்றார். "நாமும் அப்படியே அக்டோபர் கடைசியில், தீபாவளி வேலையெல்லாம் முடிந்தபின் போகலாமே, ஃபாதர்" என்பது அவருடைய யோசனை. கேட்டுக்கொண்டிருந்த இளைஞர்களுக்கும் அது பிடித்துவிட்டது.

நமக்குப் பிடிக்கவில்லை. நம் முன்னோர் வகுத்த ஆறு பருவங்களில் இலையுதிர் காலம் என்று ஒன்றில்லை. ஆவணி, புரட்டாசி கார்காலம். ஐப்பசி, கார்த்திகை கூதிர்காலம். பெயரிலேயே மழையும் குளிருமாக இருக்கிற இக்காலத்தை, ஐரோப்பியரின் செப்டம்பர், அக்டோபரோடு பொருத்திப் பார்ப்பது தவறு. மால்டா என்றதும் நம் நினைவுக்கு வந்தது வேறு பயணம். புனித பவுல் (நம் பாட்டிமார் சொல்லும் சின்னப்பர்) கைதியாக உரோமைக்குக் கொண்டு செல்லப்பட்ட வரலாற்றைத் திருத்தூதர் பணிகள் நூலின் 27ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். யூதர்களின் நோன்பு நாள் கழிந்துவிட்டது. அதாவது இலையுதிர் காலம் முற்றிவிட்டது. இனிக் கடலில் போவது ஆபத்து என்று கிரேத்துத் தீவில் வைத்தே அவர் எச்சரித்தார். நூற்றுவர் தலைவர் அவர் பேச்சைவிட மாலுமியின் பேச்சையும் கப்பல் உரிமையாளரின் பேச்சையும் நம்பினார். பிறகு வீசியது வடகிழக்குக் காற்று. கப்பலில் இருந்த 276 பேரும் பிழைத்துக் கரையேறிய இடந்தான் மால்டா. கப்பல் உடைந்தே போயிற்று. அந்தக் கடலிலும் பருவம் தப்பினால் இதுதான் கதி.

நம் கடலில் வடகிழக்குக் காற்றுக்கு நாளே குறித்திருக்கிறது. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் 20ஆம் நாளை ஒட்டித் தொடங்குவது வழக்கம். இராமநாதபுரம் சீமை ஆண்டில் பெறும் மழையின் பெரும்பகுதி அதன்பின் டிசம்பர் வரையிலான நாள்களில்தான் பெய்கிறது. 2024 நவம்பர் 20ஆம் நாள் ஒன்றில் மட்டும் இராமேசுவரத்தில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. இனி, 1964ஐப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. அவ்வாண்டு டிசம்பர் 22ஆம் நாள் நள்ளிரவையொட்டிப் பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் புறப்பட்ட பயணிகள் இரயில் ஊரை எட்டுமுன்பே கடலலைகளால் அடித்துச் செல்லப்பட்டது. அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரில் ஒருவரும் தப்பவில்லை. இலங்கைக்குக் கப்பலேறுவோர் வந்து கூடிய தனுஷ்கோடி என்னும் துறைமுக ஊரே அன்றிரவு அழிந்தது; வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. பாம்பன் பாலமும் சிதைந்தது. இளம் பொறியாளராயிருந்த ஸ்ரீதரன் தலைமையில் 46 நாள்களில் அதைச் செப்பனிட்டார்கள். பின்னாளில் கொங்கண் இரயில்பாதையையும் டில்லி மெட்ரோவையும் அமைத்தவர் இவரே.

கூதிர்கால மழையில் குழந்தைகளோடும் முதியவர்களோடும் தீவுக்குப் போகும் பொறுப்பை நாம் ஏற்கமாட்டோம் என்று இளைஞர்களிடம் சொல்லிவிட்டோம்.

அப்படியானால் எப்போது? இதற்குத் தீவுக்காரர்களிடமே கேட்டோம். தங்கள் தீவுக்கு இரு பக்கமும் இரண்டு கடல் என்பார்கள் அவர்கள். வடக்கே பாக்கு நீரிணைப் பக்கம் உள்ளது பெண்கடல், குளம்போல அமைதியானது. தெற்கே மன்னார் வளைகுடா ஆண்கடல், ஆர்ப்பரிப்பது. ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று பலமாக அடிக்கும்போது ஆண்கடல் கொந்தளிக்கும். மணல் கண்ணில் அடிக்கும். வாடைக்காற்று வந்தால் நிலைமை தலைகீழாகி, சாதுவான பெண்கடல் சீறத் தொடங்கும். இரண்டு காற்றுக்கும் நடுவே, ஒன்று தணிந்து மற்றொன்று எழாத இடைவெளி ஒன்றுண்டு. செப்டம்பர் பிற்பாதி முதல் அக்டோபர் முதல் வாரங்கள் வரை. தென்மேற்குப் பருவத்தில் அத்தீவுக்கு மழை மிகக் குறைவு. எனவே வெயிலுக்குப் பஞ்சமில்லை.

கூட்டக் கணக்கும் இதற்கு ஒத்துவருகிறது. கோடைக் கூட்டம் ஜூனில் கலைந்துவிடும். ஆடி அமாவாசைக்கு அக்கினி தீர்த்தத்தில் நீராட இலட்சக்கணக்கில் இந்து சகோதரர்கள் கூடுவார்கள், அது கழிந்துவிடும். கார்த்திகை பிறந்துவிட்டால் ஐயப்ப பக்தர்களின் வாகனங்கள் தை வரை ஓயா. இடையில் புரட்டாசியில் மகாளய அமாவாசை ஒன்றுதான் பெருங்கூட்ட நாள். நாள்காட்டியைப் பார்த்து அதற்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் விட்டுவிட்டால் போதும். பிள்ளைகளுக்குக் காலாண்டுத் தேர்வு விடுமுறையும் அதே பருவத்தில் வருகிறது. வேளாங்கண்ணித் திருவிழாவும் செப்டம்பர் 8ஆம் நாளோடு நிறைவுபெறுகிறது.

இவ்வளவும் கணக்குப் போட்டு மகிழ்ந்திருந்தபோது, பங்குப் பேரவைக் கூட்டத்தில் முதிய நெசவாளர் ஒருவர் எழுந்தார். "சாமி, கடலுக்கும் காத்துக்கும் நாள் பார்த்தீங்க. தறிக்கு நாள் பார்த்தீங்களா?" என்றார். நாம் பார்க்கவில்லை. ஆரணிப் பட்டுக்குப் புரட்டாசி என்பது தீபாவளிச் சரக்கு இறங்கும் நேரம். கடைகள் சேலைக்கு ஆளனுப்பும். மாஸ்டர் நெசவாளர்கள் நாள் குறித்து வேலை கொடுப்பார்கள். கூலி முன்பணமாக ஏற்கனவே கைக்கு வந்து, வந்த வழியே போயிருக்கும். தறி ஓயும் ஐப்பசிக் கடைசியிலோ மழை. கடலில் வெயில் இருக்கும்போது தறியில் வேலை. தறியில் வேலை ஓயும்போது கடலில் புயல். தறிக் குடும்பங்கள் ஏன் பேருந்தில் ஏறுவதில்லை என்பதற்கு விடை அன்றுதான் நமக்கு முழுமையாக விளங்கிற்று. வசதியின்மை என்று நாம் பொதுவாகச் சொல்லிவந்தது பாதி உண்மையே.

வழியையும் அந்தப் பெரியவரே காட்டினார். ஒரு பாவில் சில சேலைகள் நெய்து முடிந்ததும், புதுப்பாவைக் கொண்டுவந்து, பழைய இழை ஒவ்வொன்றோடும் புது இழையைப் பிணைக்கவேண்டும். அந்த இடைவெளியில் எப்படியும் தறி நிற்கும். பாதிச் சேலையைத் தறியில் விட்டுவிட்டு எந்த நெசவாளரும் வெளியூர் போகமாட்டார். பாவு முடிந்த தறியை விட்டுப் போவதில் அவருக்குத் தடையில்லை. ஆகவே எல்லாருடைய பாவும் ஏறத்தாழ ஒரே வாரத்தில் முடியும்படி ஆவணி தொடக்கத்திலேயே கணக்கிட்டு ஏற்றிக்கொண்டால், மூன்று நாள் கூலி போகும் என்பது ஒன்றரை நாளாகக் குறையும். நம் பங்குக் குடும்பங்களுக்கு வேலை தரும் மாஸ்டர் நெசவாளர்கள் சிலரை நேரில் கண்டு பேசினோம். அவர்கள் எல்லாரும் கிறிஸ்தவர்கள் அல்லர். இருப்பினும் இருவர் உடனே இசைந்தார்கள். ஒருவர், சரக்கு தாமதமானால் யார் பொறுப்பு என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்கு நம்மிடம் பதிலில்லை.

பயணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். பேருந்து வேண்டாம், முதியவர்களுக்கு இரவு முழுதும் உட்கார்ந்து வருவது ஆகாது. ஆரணியிலிருந்து விழுப்புரம் சென்றுவிட்டால், சென்னையிலிருந்து வரும் இராமேசுவரம் விரைவு வண்டியில் படுத்துக்கொண்டே போய்ச் சேரலாம். இப்போது 60 நாள்களுக்கு முன்புதான் முன்பதிவு தொடங்குகிறது (2024 நவம்பருக்கு முன் இது 120 நாள்). எனவே செப்டம்பர் இறுதிக்கு ஜூலை இறுதியிலேயே பதிய வேண்டும். பெயர் கேட்டு இப்போதே நச்சரிப்பது இதற்காகத்தான். 1914இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் இரயில் போக்குவரத்து நின்றுபோயிற்று. அருகிலேயே கட்டப்பட்ட புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6ஆம் நாள் திறக்கப்பட்டது. பழையதில் கப்பலுக்கு வழிவிட இரு கைகள்போல் பாலம் விரியும், புதியதில் 72.5 மீட்டர் நீளப் பகுதி அப்படியே மேலே எழும்புகிறது. விடியற்காலையில் பாலத்தைக் கடக்கும்போது பிள்ளைகளை எழுப்பிவிடுங்கள்.

அங்கே இரண்டு முழு நாள்கள் தங்குவதாகத் திட்டம். பத்து இடங்களை ஓடி ஓடிப் பார்க்கும் வழக்கம் இம்முறை இல்லை. தங்கச்சிமடம் சந்தியாகப்பர் ஆலயத்தில் ஒரு காலைத் திருப்பலி. ஜூலை 25ஆம் நாள் திருநாள் முடிந்து அந்நேரம் ஆலயம் அமைதியாக இருக்கும். பேக்கரும்பில் அப்துல் கலாம் நினைவிடம். தம் தந்தையாரும், கோயில் குருக்களான இலட்சுமண சாஸ்திரிகளும், தீவின் கத்தோலிக்க குருவான போடல் அடிகளாரும் ஒன்றாக அமர்ந்து ஊர்ப் பிரச்சினைகளைப் பேசுவார்கள் என்று கலாம் பல மேடைகளில் நினைவுகூர்ந்தார். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி அழைத்துச் செல்ல எண்ணியுள்ளோம்.

இரண்டாம் நாள் முழுவதும் தனுஷ்கோடிக்கு. முன்பு மணலில் வாகனம் திணறிச் செல்லவேண்டியிருந்தது. 2017 முதல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை உண்டு. பவளக்கற்களால் கட்டப்பட்ட பழைய தேவாலயத்தின் சுவர்கள் கூரையின்றி நிற்கின்றன. அங்கே இறந்தோருக்காகச் செபமாலை சொல்வோம். சற்றுத் தள்ளி மீனவப் பெண்கள் கடலுக்கு மிக அருகில் மணலைத் தோண்டி நல்ல தண்ணீர் எடுப்பதைக் காணலாம். முனையில் இரு கடலும் கூடும் இடத்தில் நீரோட்டம் கடுமையாதலால் யாரும் கடலில் இறங்கக்கூடாது, இதில் விட்டுக்கொடுப்பில்லை. இருட்டுமுன் திரும்பிவிட வேண்டும். குளிக்க விரும்புவோர் பெண்கடல் பக்கம் காலையில் குளிக்கலாம்.

கச்சத்தீவுக்கும் போகலாமா என்று சிலர் கேட்டார்கள். 1974 உடன்படிக்கையால் அது இலங்கைக்குரியதாயிற்று. அந்தோனியார் திருவிழாவுக்கு மட்டும், அதுவும் தவக்காலத்தை ஒட்டி, அனுமதி பெற்ற படகுகளில் போய்வரலாம். செப்டம்பரில் வழியில்லை.

செலவுக்கு, பெயர் கொடுத்தோரிடம் வாரம் 100 ரூபாய் வீதம் ஞாயிறுதோறும் வாங்கிக் கணக்கில் வைக்கிறோம். மழை முந்திக்கொண்டு புயல் எச்சரிக்கை வந்தால் பயணம் நிறுத்தப்படும். பணம் திருப்பித் தரப்படும். யாரும் நம்மை வற்புறுத்தக்கூடாது.

இதுவரை 31 பேர் பெயர் கொடுத்துள்ளார்கள். அவர்களில் தறிக் குடும்பத்தினர் 14 பேர். தார் சுற்றும் அம்மையாரின் பெயர் முதல் வரியில் இருக்கிறது. அவருடைய கணவர், பாவு என்று முடியும் என்பதைப் பார்த்துக்கொண்டு சொல்வதாகக் கூறியிருக்கிறார்.