பிடிவாதமும் உறுதியும்

குழந்தை சொன்னதையே சொல்லி அழுதால், "என்ன பிடிவாதம்!" என்கிறோம். தகப்பனார் யார் சொல்லையும் கேளாமல் கட்டளையிட்டால், "அதிகாரம் பண்ணுகிறார்" என்கிறோம். இச்சொற்களின் பொருளை இன்று சிறிது ஆராய்வோம்.

'பிடி' தமிழ்ச்சொல், 'வாதம்' வடசொல். தன் வாதத்தைப் பிடித்துக்கொண்டு விடாமல் நிற்பது பிடிவாதம். நம் மலாய் அண்டை வீட்டார் இதைக் 'கெராஸ் கெப்பாலா' என்பார்கள். கெட்டியான தலை என்பது அதன் நேர்ப்பொருள்.

'அதிகாரம்' வடமொழியிலிருந்து வந்தது. ஒருவருக்கு உரிய பொறுப்பையும் உரிமையையும் அது குறிக்கும். நூலின் பிரிவுக்கும் அதுவே பெயர். திருக்குறளில் 133 அதிகாரங்கள். ஒவ்வொன்றிலும் பத்துக் குறள்தான். அதிகாரம் என்றால் அதற்கு ஓர் எல்லை உண்டு என்று நாம் இதனை நினைவில் வைத்துக்கொள்ளலாம். எல்லையின்றி எல்லா அதிகாரத்தையும் ஒருவரே வைத்துக்கொண்டால் அது சர்வாதிகாரம். 'சர்வ' என்றால் 'எல்லா'. அத்தகைய ஆட்சியை மலாயில் 'குக்கு பெசி', அதாவது இரும்பு நகம் என்பர்.

நம் தோட்டங்களில் வழங்கிய பெயர்களையும் பாருங்கள். கங்காணி என்பது 'கண்காணி' என்பதன் திரிபு. கண்ணால் பார்த்து மேற்பார்வை செய்பவர். மண்டோர் என்பது போர்த்துகீசிய மொழியிலிருந்து மலாய்க்கு வந்து, நம் லயங்களிலும் புகுந்த சொல். கட்டளையிடுபவர் என்று பொருள். பார்ப்பது ஒரு வேலை. கட்டளையிடுவது வேறொரு வேலை. பெரட்டுக் களத்தில் நின்ற நம் முன்னோர் இவ்விரண்டையும் நன்கு அறிவார்கள்.

அப்படியானால் வளையாமல் நிற்பதெல்லாம் தவறா? இல்லை. அரசனின் நேரான கோல் செங்கோல். வளைந்த கோல் கொடுங்கோல். 'கொடு' என்றால் வளைவு; கொடுவாளை நினைத்துப் பாருங்கள். நீதியில் வளையாதிருப்பதைத் தமிழ் போற்றுகிறது. நீதியை வளைப்பதையே பழிக்கிறது.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். துரையைக் கண்டதும் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பது அவர்களின் கோரிக்கைகளுள் ஒன்று. நம் கெடாவில் 1946, 1947ஆம் ஆண்டுகளில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளை மூடச்சொல்லிப் போராடினார்கள். அப்போராட்டத்தில் உயிர்ப்பலியும் நேர்ந்தது. அதிகாரத்தில் இருந்தோர் கண்ணுக்கு அது பிடிவாதம். கூலிப்பணம் கள்ளுக்கடையில் கரைவதைப் பார்த்திருந்த தாய்மார்களுக்கோ அது உறுதி.

ஆகவே, 'பிடிவாதக்காரன்' என்று ஒருவரைச் சொல்லுமுன் ஒன்றைக் கேட்போம்: இவர் பிடித்திருப்பது தம் விருப்பத்தையா, நியாயத்தையா? பள்ளிக்கூடத்துக்குப் போகவேண்டும் என்று மகள் விடாமல் கேட்டால், அதற்குப் பெயர் பிடிவாதம் அன்று. 'நான் சொல்வதே சட்டம்' என்று நாம் மறுத்தால், வளைந்திருப்பது நம் கையில் உள்ள கோல்தான்.