பதினாறாம் பிரிவு: பயங்கரவாதத் தடைச் சட்ட வழக்குகள் நடக்கும் விதம்

பிடிபட்டவரின் வீட்டாள்கள் சட்டத்தரணியிடம் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "புள்ளைக்கு எப்ப சேர் பிணை கிடைக்கும்?" சாதாரணக் குற்றவியல் வழக்கில் அது சரியான கேள்வி. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் பிடிபட்டவருக்கு அதற்கு முன்னால் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி இருக்கிறது: "என்ன எழுதி எடுத்தாங்க? எந்தப் பாஷையில? யாருக்கு முன்னால?" வவுனியாவில் வழக்குப் பத்திரங்களை மொழிபெயர்க்கும் வேலையில் சில காலம் இருந்தவன் நான். என் அனுபவத்தில், இந்த இரண்டாவது கேள்விக்கான விடையில்தான் இப்படியான வழக்குகளின் தலையெழுத்து பெரும்பாலும் தங்கியிருக்கிறது.

1979ஆம் ஆண்டு ஜூலையில், ஜே.ஆர். ஜயவர்தன அரசாங்கம் இந்தச் சட்டத்தை 48ஆம் இலக்கச் சட்டமாக நிறைவேற்றியது. மூன்று வருடங்களுக்கு என்று சொல்லிக் கொண்டுவரப்பட்டது, 1982இல் நிரந்தரமாக்கப்பட்டது. சட்டத்தின் பெயரில் 'தற்காலிக ஏற்பாடுகள்' என்ற சொற்கள் அப்படியே இருந்துவிட்டன. யுத்தம் 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் முடிந்தது. அவசரகாலச் சட்டம் 2011 ஓகஸ்டில் காலாவதியானது. இது மட்டும் நிலைத்தது.

பதினாறாம் பிரிவை விளங்கிக்கொள்ள, அது எதை மாற்றியது என்பதை முதலில் பார்க்க வேண்டும். நமது சான்றுக் கட்டளைச் சட்டம் 1895ஆம் ஆண்டுக்குரியது. வெள்ளைக்காரன் எழுதியதுதான். ஆனால் அதன் 25ஆம் பிரிவு ஒரு நல்ல காரியம் செய்தது: பொலிஸ் உத்தியோகத்தரிடம் ஒருவர் கொடுக்கும் குற்ற ஒப்புதல் வாக்குமூலத்தை அவருக்கு எதிராக நீதிமன்றத்தில் நிரூபிக்க முடியாது என்றது. பொலிஸ் நிலையத்துக்குள் நாலு சுவருக்கு நடுவே என்ன நடக்கக்கூடும் என்பது அந்தக் காலத்து ஆட்சியாளர்களுக்கே தெரிந்திருந்தது.

பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு இந்தப் பாதுகாப்பை எடுத்துவிட்டது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத ஓர் உத்தியோகத்தரிடம் கொடுக்கப்பட்ட வாக்குமூலம் என்றால் அதை எதிரிக்கு எதிரான சான்றாகப் பயன்படுத்தலாம். அது அச்சுறுத்தியோ ஆசை காட்டியோ பெறப்பட்டது என்று எதிரி சொன்னால், அதை நிரூபிக்கும் பொறுப்பும் அவர் தலையில்தான். சாதாரண வழக்கில் 'இந்தச் சான்று சுத்தமானது' என்று காட்ட வேண்டியது வழக்குத்தொடுநர். இங்கே 'இது அசுத்தமானது' என்று காட்ட வேண்டியது அறைக்குள் தனியாக இருந்த மனிதர். அவருடைய சாட்சிகள் யார்? அந்த அறையில் இருந்த மற்ற எல்லோரும் பொலிஸ்.

இதற்கு சிங்கராசா வழக்கு ஓர் உதாரணம். மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்த அந்த இளைஞர் 1993 ஜூலையில் பிடிபட்டார். ஆனையிறவு, பலாலி, காங்கேசன்துறை, யாழ்ப்பாணக் கோட்டை ஆகிய இராணுவ முகாம்கள் மீதான தாக்குதல்கள் தொடர்பில் அவர்மீது குற்றம் சுமத்தப்பட்டது. அவருக்குத் தமிழ் மட்டுமே தெரியும். வாக்குமூலத்தைப் பொலிஸ்காரர் ஒருவரே மொழிபெயர்க்க, அது சிங்களத்தில் தட்டச்சு செய்யப்பட்டது. அவருடைய பெருவிரல் அடையாளம் அதில் வைக்கப்பட்டது. அதை வைத்தே 1995இல் 50 வருடச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மேன்முறையீட்டு நீதிமன்றம் 1999இல் அதை 35 வருடமாகக் குறைத்தது. ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் குழு 2004இல் இதை ஆராய்ந்து, வற்புறுத்தலை நிரூபிக்கும் பொறுப்பை எதிரிமீது சுமத்தியது நியாயமான விசாரணைக்கு முரணானது என்று கண்டது. அதை வைத்துக்கொண்டு நமது உயர் நீதிமன்றத்துக்குப் போனபோது, பிரதம நீதியரசர் சரத் என். சில்வா தலைமையிலான ஆயம் 2006 செப்டம்பரில், அந்தக் குழுவிடம் முறையிடும் உரிமையைத் தந்த உடன்படிக்கையில் இலங்கை இணைந்ததே அரசியலமைப்புக்கு முரண் என்று சொல்லிவிட்டது. வாசல் வரை போன மனு வாசலோடு திரும்பியது.

அந்த வாக்குமூலம் எழுதப்படும் அறைக்கு ஒருவர் எப்படி வந்து சேர்கிறார்? பிடியாணை இல்லாமல் கைது செய்யலாம். 72 மணித்தியாலம் வைத்திருக்கலாம். அதற்குப் பிறகு இரண்டு பாதை. ஒன்று, நீதவான் முன் ஆஜர்படுத்துவது. ஆனால் நீதவானுக்கு இங்கே பிணை கொடுக்கும் அதிகாரம் கிடையாது. பொலிஸ் அத்தியட்சகர் எழுத்தில் கேட்டால் வழக்கு முடியும் வரை விளக்கமறியலில் வைக்க வேண்டும். விடுவதாக இருந்தால் சட்டமா அதிபரின் சம்மதம் வேண்டும். இரண்டாவது பாதை, 9ஆம் பிரிவின் கீழான தடுப்புக்காவல் உத்தரவு. இதைப் போடுபவர் நீதிபதி அல்ல, அமைச்சர். உத்தரவைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்து, முன்பு 18 மாதம் வரைக்கும், 2022இன் திருத்தத்துக்குப் பிறகு 12 மாதம் வரைக்கும் வைத்திருக்கலாம். பெரும்பாலான வாக்குமூலங்கள் எழுதப்படுவது இந்தக் காலத்துக்குள்தான். சிறைச்சாலைக் காவலில் இருப்பவரை 'விசாரணைக்கு' என்று வெளியே கொண்டுபோகவும் 7ஆம் பிரிவு இடம்கொடுக்கிறது.

கிளிநொச்சி தர்மபுரத்தில் 2014 மார்ச் 13ஆம் திகதி பாலேந்திரன் ஜெயக்குமாரி கைதானதை வன்னியில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காணாமல் போன மகனைத் தேடி ஊர்வலங்களில் முன்னால் நின்ற தாய். பதின்மூன்று வயது மகளும் அவரோடு இருந்தாள். மகள் நன்னடத்தைப் பராமரிப்புக்கு அனுப்பப்பட, தாயைத் தீவின் மறுமுனையில் உள்ள பூஸாவுக்குக் கொண்டுபோனார்கள். ஏறத்தாழ ஒரு வருடம், குற்றப்பத்திரிகை இல்லாமல். 2015 மார்ச்சில் பிணை கிடைத்தது. இந்தச் சட்டத்தில் தண்டனை என்பது தீர்ப்புக்குப் பிறகு வருவது மட்டுமல்ல என்பதை விளங்க இது ஒன்று போதும்.

தடுப்புக்காவல் முடிந்து சட்டமா அதிபர் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தால் வழக்கு மேல் நீதிமன்றத்துக்கு வருகிறது. ஜூரி கிடையாது, ஒரே நீதிபதி. வாக்குமூலத்தை எதிரி மறுத்தால், பிரதான வழக்குக்கு நடுவே 'உண்மை விளம்பல் விசாரணை' என்ற ஒரு தனி விசாரணை நடக்கும். வாக்குமூலம் சுயவிருப்பில் கொடுக்கப்பட்டதா என்பது மட்டுமே அதில் கேள்வி. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் சாட்சி சொல்வார், மொழிபெயர்த்தவர் சொல்வார், தட்டச்சு செய்தவர் சொல்வார். பிறகு எதிரி சொல்வார். சட்டவைத்திய அதிகாரியின் அறிக்கை இருந்தால் அதுவும் வரும். வாக்குமூலம் தள்ளுபடியானால், வேறு சான்று இல்லாத வழக்கு அங்கேயே சாய்ந்துவிடும். ஏற்றுக்கொள்ளப்பட்டால் மிச்சமெல்லாம் சம்பிரதாயம் மாதிரித்தான். ஆகவே இந்த வழக்குகளில் உண்மையான விளக்கம் நடப்பது இந்தக் குட்டி விசாரணையில்தான் என்பேன்.

இந்த இடத்தில் மொழி வெறும் வசதி சம்பந்தமான விஷயமாக இருப்பதில்லை. அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரையின்படி வடக்குக் கிழக்கு நீதிமன்றங்களின் மொழி தமிழ். மற்ற இடங்களில் சிங்களம். மொழிபெயர்ப்பாளரைக் கேட்கும் உரிமை எங்கும் உண்டு. ஆனால் தான் கொடுத்ததாகச் சொல்லப்படும் வாக்குமூலத்தின் ஒவ்வொரு வரியையும் எதிரி மறுத்துப் பேச வேண்டிய விசாரணையில், மொழிபெயர்ப்பாளர் வழியாகப் பேசுவதும் நேரடியாகப் பேசுவதும் ஒன்றல்ல. "போய்ப் பாத்தன்" என்பதும் "போய்ச் சந்தித்தேன்" என்பதும் பேச்சில் பக்கத்துப் பக்கத்துச் சொற்கள். குற்றப்பத்திரிகையில் இரண்டுக்கும் நடுவே ஒரு சதி முளைத்துவிடும்.

2017இல் நடந்தது இதுதான். வவுனியா மேல் நீதிமன்றத்தில் இருந்த ஒரு வழக்கு, சாட்சிகளின் பாதுகாப்பு என்ற காரணம் சொல்லப்பட்டு, அநுராதபுரம் மேல் நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. ஏ-9 வீதியில் பார்த்தால் பெரிய தூரமில்லை. பஸ்ஸில் ஒன்றரை மணித்தியாலம். ஆனால் தமிழில் நடக்கும் நீதிமன்றத்திலிருந்து சிங்களத்தில் நடக்கும் நீதிமன்றத்துக்கு. எதிரிகளான மூன்று கைதிகளும் செப்டம்பர் 25ஆம் திகதி உண்ணாவிரதம் தொடங்கினார்கள். வழக்கைத் திரும்ப வவுனியாவுக்கு மாற்று என்பதே கோரிக்கை. விடுதலை கேட்டல்ல, தமக்கு விளங்கும் மொழியில் விசாரணை கேட்டுப் பட்டினி கிடந்தார்கள். ஒக்டோபர் 13ஆம் திகதி வடமாகாணம் முழுக்கக் கடையடைப்பு நடந்தது.

2019க்கு முன் நமது ஊர்ப் பள்ளிவாசல் முற்றங்களில் இந்தச் சட்டத்தைப் பற்றிய பேச்சு குறைவு. "அது தமிழாக்கள்ர பிரச்சின" என்பதுதான் பொதுவான பேச்சு. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து துரத்தப்பட்டு, புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களில் பிள்ளை வளர்த்த ஒரு சமூகத்திடம், புலிச் சந்தேகநபர்களின் வழக்கு நடைமுறையில் அக்கறையை எதிர்பார்த்திருக்கவும் முடியாது. 2019 ஏப்ரல் 21 தாக்குதலுக்குப் பிறகு அதே 9ஆம் பிரிவும் அதே 16ஆம் பிரிவும் நமது வீட்டுக் கதவைத் தட்டின.

சிலாவத்துறையைச் சேர்ந்த ஆசிரியரும் கவிஞருமான அஹ்னாப் ஜஸீம் 2020 மே 16ஆம் திகதி கைதானார். காரணமாகச் சொல்லப்பட்டவற்றுள் ஒன்று 'நவரசம்' என்ற அவருடைய தமிழ்க் கவிதை நூல், தீவிரவாதத்தைப் பரப்புகிறது என்பது. வன்முறையைக் கண்டிக்கும் கவிதைகளும் அதே நூலில் இருக்கின்றன. தமிழ் வாசிக்கத் தெரிந்தவருக்கு அது ஒரு மாலைப்பொழுது வேலை. அவர் ஒன்றரை வருடத்துக்கு மேல் உள்ளே இருந்தார். 2021 டிசம்பரில் பிணை; 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. சட்டத்தரணி ஹிஜாஸ் ஹிஸ்புல்லாஹ் 2020 ஏப்ரலில் கைதாகி, 22 மாதங்களுக்குப் பிறகு 2022 பெப்ரவரியில் பிணையில் வந்தார். கைதின்போது பேசப்பட்டது ஏப்ரல் தாக்குதல். குற்றப்பத்திரிகை வந்தபோது அதில் இருந்தது பேச்சின் மூலம் சமூகங்களிடையே பகைமையை உண்டாக்க முயன்றார் என்பது. சட்டத்தின் 2ஆம் பிரிவில் அதற்கென்றே ஓர் உட்பிரிவு இருக்கிறது. 2009இல் ஊடகவியலாளர் திஸ்ஸநாயகத்துக்கு 20 வருடத் தண்டனை கிடைத்ததும் எழுதியதற்காகத்தான்.

பிக்ஹு படித்தவர்களுக்கு 16ஆம் பிரிவின் கோளாறு புதிதாகத் தெரியாது. இக்ரார், அதாவது ஒருவர் தனக்கு எதிராகத் தானே ஒப்புக்கொள்வது, வலிமையான ஆதாரம். ஆனால் அது வற்புறுத்தலின்றி வர வேண்டும் என்பது நிபந்தனை. சூரத்துன் நஹ்லின் 106ஆம் வசனம், சித்திரவதைக்குள்ளான அம்மார் பின் யாஸிர் (ரலி) அவர்களின் நிகழ்வோடு சேர்த்துப் பேசப்படுவது. வதைபட்டவரின் நாக்கு சொன்னது அவர்மீது சுமத்தப்படாது என்பதற்கு அறிஞர்கள் அதை ஆதாரம் காட்டுகிறார்கள். இமாம் அபூ யூஸுப் தமது 'கிதாபுல் கராஜ்' நூலில், பட்டினி போட்டு, பயமுறுத்தி, அடைத்து வைத்தால் மனிதன் தனக்கெதிராகவே பேசிவிடுவான் என்ற கருத்தை உமர் (ரலி) அவர்களின் சொல்லாகப் பதிவு செய்கிறார். சந்தேகத்தின் பேரில் பிடிபட்டவர்களை அடிப்பதை ஹாரூன் அல் ரஷீதுக்கு எழுதிய அதே நூலில் கண்டிக்கவும் செய்கிறார். பன்னிரண்டு நூற்றாண்டுக்கு முன் ஆட்சியாளருக்கே நேரடியாக எழுதிக் கொடுத்தது.

2022 மார்ச்சில் வந்த திருத்தம் சிலவற்றை மாற்றியது. தடுப்பு உத்தரவின் உச்சகாலம் குறைந்தது. நீதவான் தடுப்பு இடத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும். சித்திரவதை அறிகுறி இருந்தால் சட்டவைத்திய அதிகாரியிடம் அனுப்ப வேண்டும். சட்டத்தரணியைச் சந்திக்கும் உரிமை எழுத்தில் வந்தது. 12 மாதத்துக்குள் வழக்கு தொடங்கவில்லை என்றால் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் பிணை கேட்கலாம். 16ஆம் பிரிவைத் திருத்தம் தொடவில்லை. 2015இல் ஜெனீவாவில் இந்தச் சட்டத்தை மீளாய்வு செய்து நீக்குவதாக அரசாங்கம் ஏற்றுக்கொண்ட பிறகும் இதுதான் நிலை.

ஆகவே வீட்டாள்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இந்தச் சட்டத்தில் யாரைக் கைது செய்தாலும் 48 மணித்தியாலத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டியது பிடித்தவர்களின் கடமை. 1996ஆம் ஆண்டு ஆணைக்குழுச் சட்டத்தின் 28ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. அவர்கள் அறிவித்திருப்பார்கள் என்று வீட்டில் இருக்க வேண்டாம். வவுனியாவில் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் இருக்கிறது, போய் எழுத்தில் முறையிட்டு இலக்கம் வாங்குங்கள். அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் போட வேண்டும். அந்த மாதத்துக்குள் ஆணைக்குழுவிடம் முறையிட்டிருந்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. கொழும்புக்குப் போகக் காசு சேர்க்கும் குடும்பத்துக்கு இது பெரிய அவகாசம்.

நீதவான் முன் முதல் தடவை நிறுத்தப்படும்போது, அடித்திருந்தால் "அடிச்சாங்க" என்று, விளங்காத கடதாசியில் கையெழுத்து வாங்கியிருந்தால் "வாசிச்சுக் காட்டாமக் கையெழுத்து வாங்கினாங்க" என்று, தமிழிலேயே, சத்தமாகச் சொல்ல வேண்டும். அதை வழக்கேட்டில் பதியும்படி சட்டத்தரணி கேட்க வேண்டும். எத்தனையோ பேர் பொலிஸ்காரர் பக்கத்தில் நிற்கிற பயத்தில் வாய் திறப்பதில்லை. "இப்ப ஒண்டும் சொல்லாத, பொறகு பாப்பம்" என்று வீட்டாளே புத்தி சொல்வதும் உண்டு. நாலைந்து வருடம் கழித்து உண்மை விளம்பல் விசாரணையில் அரச சட்டத்தரணி எழும்பி முதலாவதாகக் கேட்கப் போவது, "அன்றைக்கு நீதவானிடம் இதை ஏன் சொல்லவில்லை?" என்றுதான்.