வண்டி வீட்டில் நிற்க, டோல் கட்டணம் போனது எப்படி?

உங்கள் கார் வாசலில்தான் நிற்கிறது. போனில் ஒரு மெசேஜ்: எங்கோ ஒரு சுங்கச்சாவடியில் உங்கள் ஃபாஸ்டேக்கில் பணம் பிடித்தாச்சு. நாம போகவே இல்லையே, எப்படி?

முதலில் அந்த ஸ்டிக்கர் என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம். அதில் பேட்டரி கிடையாது, ஜிபிஎஸ்ஸும் கிடையாது. ஒரு சிப், ஒரு ஆன்டெனா, அவ்வளவுதான். சாவடியில் உள்ள ரீடரின் ரேடியோ அலை பட்டதும் சிப் தன் எண்ணைச் சொல்லும். அது எந்த வண்டி, எந்த வங்கி என்று பார்த்துப் பணம் பிடிக்கப்படுகிறது. சென்னையிலிருந்து விழுப்புரம் போனால் பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டியில் நீங்கள் கடந்த நேரம் பதிவாகும். வழியில் டீ குடிக்க நின்றது அதற்குத் தெரியாது.

சிக்கல் வருவது பெரும்பாலும் ரீடரால் அல்ல, மனிதக் கையால். ஸ்டிக்கர் சரியாகப் படிக்கவில்லை என்றால் ஊழியர் வண்டி எண்ணைத் தட்டச்சு செய்வதுண்டு. ஒரு எண் மாறினால் போதும், யாரோ போன பயணத்துக்கு நீங்கள் பணம் கட்டுவீர்கள். இப்படி நடந்தால் 20 ரூபாய்தானே என்று விட்டுவிடாதீர்கள். மெசேஜை அழிக்காமல், சாவடியின் பெயர், நேரத்தோடு 1033-க்கு அழையுங்கள். ஃபாஸ்டேக் கொடுத்த வங்கியிலும் புகார் செய்யலாம். அந்த நேரத்தில் வண்டி வேறிடத்தில் இருந்ததற்குப் பார்க்கிங் ரசீது, சிசிடிவி பதிவு ஏதாவது இருந்தால் எடுத்து வையுங்கள். தவறு உறுதியானால் பணம் திரும்ப வரும். சாவடி நடத்தும் நிறுவனத்துக்கு 1 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ அபராதம் விதிக்கிறது தேசிய நெடுஞ்சாலை ஆணையம்.

இன்னொரு வழியிலும் பணம் போகும். காரை விற்றவர்கள் ஆர்சி மாற்றுவதை மறப்பதில்லை, ஃபாஸ்டேக்கை மறந்துவிடுகிறார்கள்! வாங்கியவர் ஊர் ஊராகச் சுற்ற, கணக்கு உங்களிடமே ஓடும். சாவி கொடுக்கும் முன்பே வங்கியில் சொல்லி அதை மூடிவிடுங்கள்.

பேலன்ஸையும் கிளம்பும் முன்பே பாருங்கள். சாவடியில் வரிசையில் நின்றுகொண்டு ரீசார்ஜ் செய்தால் உடனே வேலை செய்யும் என்று சொல்ல முடியாது. செல்லுபடியாகும் ஃபாஸ்டேக் இல்லாவிட்டால் 100 ரூபாய் கட்டணத்துக்கு யுபிஐயில் 125, ரொக்கமாக 200 கொடுக்கணும் என்ற விதி 2025 நவம்பர் 15-ல் நடைமுறைக்கு வந்தது.

பலருக்குத் தெரியாத ஒன்று: உங்கள் ஃபாஸ்டேக் சரியாக இருந்து, பணமும் இருந்து, சாவடியின் கருவிதான் பழுது என்றால் நீங்கள் கட்டணமின்றிப் போகலாம். பூஜ்ஜியத் தொகை ரசீது தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.