இருப்புப்பாதை அருகே ஒப்பந்தப் பணிகளுக்கான பாதுகாப்பு விதிகள்

இருப்புப்பாதை அருகே ஒப்பந்தப் பணிகளுக்கான பாதுகாப்பு விதிகள் என்பவை, ரயில்கள் ஓடிக்கொண்டிருக்கும் பாதையை ஒட்டி மண்வேலை, ஜல்லி இறக்குதல், கேபிள் பதித்தல், கட்டுமானம், துப்புரவு போன்ற வேலைகளைச் செய்யும் ஒப்பந்ததாரர்களும் அவர்களுடைய தொழிலாளர்களும் கடைப்பிடிக்க வேண்டிய விதிகள் ஆகும். இந்தியாவில் இவை நிரந்தரப் பாதைக் கையேடு, ரயில்வே பொது விதிகள், ரயில்வே ஒப்பந்தப் பொது நிபந்தனைகள் ஆகியவற்றில் இடம்பெற்றுள்ளன. சேலம், நாமக்கல் பகுதியில் தெற்கு ரயில்வேயின் சேலம் கோட்டம் இவற்றை நடைமுறைப்படுத்துகிறது.

பின்னணி

சேலம் கோட்டம் 2007 நவம்பர் 1 அன்று, பாலக்காடு, திருச்சிராப்பள்ளி கோட்டங்களிலிருந்து பிரிக்கப்பட்ட பகுதிகளைக் கொண்டு தொடங்கப்பட்டது. ஜோலார்பேட்டை – சேலம் – ஈரோடு இரட்டைப் பாதை இதன் முதன்மைத் தடம். இராசிபுரம், நாமக்கல், மோகனூர் வழியாகக் கரூர் செல்லும் ஒற்றைப் பாதையில் 2013 மே மாதம் பயணிகள் ரயில் ஓடத் தொடங்கியது. இத்தடங்களை ஒட்டி நடக்கும் மண்வேலை, கட்டுமானம், துப்புரவு ஆகியவற்றில் பெரும்பகுதி ஒப்பந்த முறையில் நடைபெறுகிறது.

ரயில்வேயின் சொந்தப் பாதைப் பராமரிப்பு ஊழியருக்குப் பயிற்சி உண்டு; தம் பிரிவில் எந்த ரயில் எப்போது வரும் என்பதும் பழக்கத்தில் தெரியும். ஒப்பந்தத் தொழிலாளி அன்றுதான் முதன்முதலாகத் தண்டவாளத்தின் அருகே வந்தவராக இருக்கலாம். வேலையை ஒப்பந்தத்துக்கு விடலாம். ரயில் வரும் தகவல் ரயில்வேயிடம்தான் இருக்கிறது. அத்தகவல் வேலை செய்பவரிடம் உரிய நேரத்தில் போய்ச் சேர வேண்டும் என்பதே இவ்விதிகளின் அடிப்படை.

எழுத்து மூலமான அனுமதி

ஓடும் பாதையை ஒட்டிய ரயில்வே நிலத்தில் ஒப்பந்ததாரரின் வாகனங்கள் பொதுவாக அனுமதிக்கப்படுவதில்லை. தவிர்க்க முடியாத வேலையாக இருந்தால், வாகனங்களின் வகை, எண்ணிக்கை, ஓட்டுநர்களின் பெயர், உரிம விவரம், வேலை நடக்கும் இடம், நேரம் ஆகியவற்றைக் குறிப்பிட்டுப் பொறுப்புப் பொறியாளரிடம் விண்ணப்பிக்க வேண்டும். ஓட்டுநர், கொடி காட்டுபவர், மேற்பார்வையாளர் ஆகியோரை அவர் அல்லது அவரது பிரதிநிதி நேரில் சந்தித்து, அறிவுரை கூறி, தகுதியைச் சோதித்துச் சான்றளித்த பிறகே எழுத்து மூலம் அனுமதி தரப்படும்.

அனுமதி பெயர் குறிப்பிட்டு வழங்கப்படுவதால், ஓட்டுநர் விடுப்பில் போனால் வேறொருவரை லாரியில் ஏற்றி அனுப்ப முடியாது. லாரி, பொக்லைன் தொழில் மிகுந்த நாமக்கல், சங்ககிரி பகுதிகளில் மாற்று ஓட்டுநர் எளிதில் கிடைப்பார். நெடுஞ்சாலையில் பல ஆண்டு அனுபவம் உள்ளவரானாலும், சான்று பெறாதவர் பாதையோரம் வண்டி ஓட்டக் கூடாது.

தூர வரம்புகள்

தூரம் தண்டவாளத்தின் ஓரத்திலிருந்து அல்லாமல், பாதையின் மையக் கோட்டிலிருந்து அளக்கப்படுகிறது.

• 6 மீட்டருக்கு அப்பால்: தடுப்பு அமைத்து, சான்று பெற்ற கொடி காட்டுபவரும் மேற்பார்வையாளரும் உடனிருக்க, வாகனங்கள் இயங்கலாம்.
• 6 மீட்டருக்கும் 3.5 மீட்டருக்கும் இடையில்: பொறியாளர் நியமித்த ரயில்வே ஊழியர் முன்னிலையில் மட்டுமே வேலை நடக்கலாம்.
• 3.5 மீட்டருக்குள்: வாகனத்தின் எந்தப் பகுதியும் வரக் கூடாது.

அகலப் பாதையில் இரு தண்டவாளங்களுக்கு இடையிலான தூரம் 1,676 மி.மீ. பெட்டியின் அகலமோ ஏறத்தாழ 3.25 மீட்டர். ஆகவே ஓடும் ரயில் தண்டவாளத்தைத் தாண்டி ஒவ்வொரு புறமும் ஏறத்தாழ முக்கால் மீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும். தண்டவாளத்தை மிதிக்காமல் நின்றால் போதும் என்று நினைப்பது இதனால்தான் உயிருக்கு ஆபத்தாகிறது. பொக்லைன் திரும்பும்போது அதன் கையும் பின்பகுதியும் வீசும் தூரத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

எச்சரிக்கை ஏற்பாடுகள்

மணிக்கு 110 கி.மீ. வேகத்தில் வரும் ரயில் நொடிக்குச் சுமார் 30 மீட்டர் கடக்கிறது. 1,200 மீட்டரைக் கடக்க அதற்கு 40 நொடிகூட ஆகாது. பாதையில் தடை ஏற்படுத்தும் வேலை நடக்கும்போது, அகலப் பாதையில் 600 மீட்டர் தொலைவில் சிவப்புப் பேனர் கொடியும், 1,200 மீட்டர் தொலைவில் 10 மீட்டர் இடைவெளியில் மூன்று வெடிச் சமிக்ஞைகளும் வைக்கப்படுகின்றன. சக்கரம் ஏறியதும் இவை வெடித்து ஓட்டுநரை எச்சரிக்கும்.

வேலை செய்பவர்களை எச்சரிப்பது லுக்அவுட் மேனின் பொறுப்பு. அவருக்கு வேறு எந்த வேலையும் கொடுக்கக் கூடாது. மண்வெட்டி ஓசை, இயந்திர இரைச்சல், எதிர்க்காற்று, வளைவு ஆகியவை ரயில் வருவதை மறைத்துவிடும். இரட்டைப் பாதையில் ஒரு ரயிலுக்காக ஒதுங்குபவர் அடுத்த பாதையில் போய் நிற்பதும், முதல் ரயிலின் சத்தத்தில் இரண்டாவது ரயில் கேட்காமல் போவதும் உண்டு. எனவே ரயில் வரும்போது பாதையின் வெளிப்புறத்திற்கே ஒதுங்க வேண்டும். தலைக்கவசம், பாதுகாப்புக் காலணி, ஒளிரும் மேலுடுப்பு ஆகியவையும் தேவை.

மின்பாதையும் நிலத்தடி கேபிள்களும்

மின்மயமான தடங்களில் மேல்நிலைக் கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம் பாய்கிறது. மின்னோட்டமுள்ள பகுதிக்கு 2 மீட்டருக்குள் வேலை செய்ய, மின்சாரத்தை நிறுத்தி, நில இணைப்புக் கொடுத்து, எழுத்து மூலம் அனுமதி பெற வேண்டும். லெவல் கிராசிங்குகளில் 4.67 மீட்டர் உயரத்தில் தடுப்புச் சட்டம் வைக்கப்படுவது உயரமான வாகனங்களைத் தடுக்கவே. டிப்பர் லாரியின் தொட்டியைத் தூக்கினால் இந்த உயரத்தை எளிதில் தாண்டிவிடும். உலோக அளவு நாடாவை இத்தடங்களில் பயன்படுத்தக் கூடாது.

பள்ளம் தோண்டுவதற்கு முன் சிக்னல், தொலைத்தொடர்பு, மின் பிரிவுகளுக்குத் தெரிவித்து, கேபிள் செல்லும் வழியைக் குறித்துக்கொள்ள வேண்டும். சிக்னல் கேபிள் அறுந்தால், பாதுகாப்புக்காகச் சிக்னல்கள் சிவப்பில் நின்றுவிடும். அதன் பிறகு ரயில்களை எழுத்து மூலமான உத்தரவுகளைக் கொண்டு மனிதர்களே இயக்க வேண்டியிருக்கும். தவறு நேரும் வாய்ப்பு அப்போது கூடுகிறது.

ஷொரணூர் விபத்து

2024 நவம்பர் 2 அன்று கேரளத்தின் ஷொரணூர் அருகே, பாரதப்புழை ஆற்றின் ரயில் பாலத்தில் நான்கு ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளர்கள் கேரளா எக்ஸ்பிரஸ் மோதி உயிரிழந்தனர். இவர்கள் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். தண்டவாளத்தில் கிடந்த குப்பையை அகற்றும் பணிக்காகச் சென்றவர்கள். இதையடுத்து ஒப்பந்தத்தை ரயில்வே ரத்து செய்தது.

குப்பை பொறுக்குவது மண்வேலையைப் போலவோ பாலம் கட்டுவதைப் போலவோ ஆபத்தான வேலையாகத் தோன்றாது. ஆனால் பாலத்தில் தரையில் இருப்பதுபோல் விலகி நிற்க இடம் இல்லை. இடையிடையே அமைந்த ஒதுங்குமிடத்தை அடைய நேரம் வேண்டும். பாலத்தில் ஆட்கள் இருக்கும்போது ரயில் வருவதை முன்கூட்டியே அறிவிக்க ஏற்பாடு இல்லையென்றால், அவர்கள் எவ்வளவு விழிப்பாக இருந்தாலும் தப்புவது கடினம். மோகனூருக்கும் வாங்கலுக்கும் இடையே காவிரியைக் கடக்கும் ரயில் பாலம் போன்ற இடங்களுக்கும் இது பொருந்தும்.

சட்டப் பொறுப்பு

ரயில்வே சட்டம், 1989-இன் 147ஆம் பிரிவின்படி, அனுமதியின்றி ரயில்வே எல்லைக்குள் நுழைவது ஆறு மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கத்தக்க குற்றம். கவனக்குறைவான செயலால் ரயில் பயணிகளின் பாதுகாப்புக்கு ஆபத்து விளைவிப்பவருக்கு 154ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறை விதிக்கலாம்.

விபத்துக்கான முழுப் பொறுப்பையும் ஒப்பந்த நிபந்தனைகள் ஒப்பந்ததாரர் மீது சுமத்துகின்றன. ஆயினும் தொழிலாளியின் இழப்பீட்டு உரிமை அத்துடன் முடிந்துவிடுவதில்லை. ஒப்பந்ததாரரின் தொழிலாளிக்கு, வேலையை ஒப்படைத்த முதன்மை நிறுவனமே இழப்பீடு தர வேண்டியவராகலாம். பிறகு அத்தொகையை ஒப்பந்ததாரரிடம் வசூலித்துக்கொள்ளலாம். ஊழியர் இழப்பீட்டுச் சட்டம், 1923 வகுத்த இக்கொள்கை, சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 2020-இலும் இடம்பெற்றுள்ளது. வேலைக்குச் சேரும்போது வருகைப் பதிவேட்டில் பெயர் ஏறியிருப்பதும், கூலிச் சீட்டும் அடையாள அட்டையும் கையில் இருப்பதும் இந்த உரிமையைக் கோரும்போது சான்றாக உதவும்.